என் வேலைக்கு நான் எடுத்த ஆள்

1

திங்கட்கிழமை காலை ஹன்னா என் மேசைக்கே எழுந்து வந்து, "ரகு, உனக்கு ஒரு நல்ல செய்தி" என்றார். ஹன்னா எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவி. நெதர்லாந்துக்காரர்கள் நல்ல செய்தியை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். எழுந்து வந்து சொன்னால் நம் தலையில் ஏதோ வேலை விழப்போகிறது என்று அர்த்தம். பதினாறு வருடம் இங்கே குப்பை கொட்டியதில் இந்த அளவுக்காவது தெரிந்துகொண்டிருக்கிறேன்.

"வியாழக்கிழமை செமினாருக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். பக்கத்து நாட்டில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர், இங்கேயும் பேசலாமா என்று அவரே எழுதிக் கேட்டார். நீயும் அவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் படித்தவர்களாமே! நீதான் அழைத்து வந்து, அறிமுகப்படுத்தி, அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும்."

பெயரைச் சொன்னார். கதிரேசன்.

"சந்தோஷமாக இல்லையா?"

"ரொம்ப" என்றேன். மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களின் மதம். பதினாறு வருடமாக எனக்கும் ஞானஸ்நானம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள். நான் இன்னும் மேற்கு மாம்பலத்துக்காரன்தான்.

கதிரேசன் என்கிற கதிர் போன வருடம் தை மாதம் எனக்குச் செய்ததை ஹன்னாவிடம் நான் சொன்னதில்லை. மாம்பலத்தில் இருக்கும் அண்ணனிடமும் சொன்னதில்லை. சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அப்போது அவர் வாயையே திறந்திருக்க மாட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் 'பாவம்' என்று உச்சுக்கொட்டுவது நம் காதில் விழாது.

2

எங்கள் தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். செடிகளின் வேரைச் சுற்றி மண்ணில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சில, செடிக்கு உப்பைத் தாங்கும் சக்தி தருகின்றன. சில, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகின்றன. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். வேரைவிட்டு வந்த பாக்டீரியாவை வைத்து நான் ஏதோ உவமை சொல்லப்போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். மாட்டேன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பாக்டீரியாவுக்குத்தான் அவமானமாக இருக்கிறது.

கதிரும் நானும் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்கள். சாந்தோம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடும்பங்கொடியின் வேரைத் தோண்டி, பாலிதீன் பையில் போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவது எங்கள் காலை வேலை. குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா எங்களைத் தினமும் பார்ப்பார்.

"இன்னா நைனா, தெனம் வந்து வேரைப் புடுங்கிக்கினு போறீங்க? இன்னா வியாதிக்கு?"

"மூட்டு வலிக்கு ஆயா. உனக்கும் ஒரு பாட்டில் கொண்டாறேன்" என்றான் கதிர்.

அடுத்த வாரம் அவர் கேட்டார். "நாளைக்கு ஆயா" என்றான். நாங்கள் ஆய்வை முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இவனும் நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நடுவில் நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பேன்.

அவன் வளர்ந்த இடம் அப்படி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை போட்டவர் அவன் அப்பா. அந்தக் கடையில் 'இல்லை' என்று ஒரு சொல் கிடையாது. கேட்ட அளவில் குக்கர் இருக்காது. "நாளைக்கு லோடு வருதும்மா, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிடறேன்" என்பார். எங்கள் வீட்டில் நேர் எதிர். அப்பா வங்கியில் குமாஸ்தா. கையெழுத்தில்லாத எதையும் நம்பமாட்டார். பஞ்சாங்கத்தையே சந்தேகத்தோடுதான் புரட்டுவார். அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு, ஒரு வாய்வார்த்தையை நம்பிக் குடும்பத்தையே மூட்டை கட்டச் சொன்னவன் நான்.

3

கதிர் இப்போது அடையாறுப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவர உயிரியல், நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் போன் பேச்சு ஒரே மாதிரிதான் முடியும்.

"போதும்டா குளிர்ல கெடந்தது. கிளம்பி வா."

"வேலை குடு, வரேன்."

"போஸ்ட் விழட்டும். உனக்கு இல்லாமலா?"

அந்தத் தைக்கு முந்தின ஐப்பசி மாதம் இந்தப் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. "ஒரு இணைப் பேராசிரியர் போஸ்ட் வருதுடா. டிசம்பர், ஜனவரில நீ இங்கதானே இருப்ப? ஒரு செமினார் குடுத்துடு. மேனேஜ்மென்ட்ல எல்லாரும் உன்னைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

இந்த இடத்தில் நான் செய்த தவறு சென்னையிலேயே இருந்திருந்தால் செய்திருக்க முடியாத தவறு. நான் இருக்கும் நாட்டில் ஒருவரைப் பல்கலைக்கழக வேலைக்கு எடுப்பதென்றால் முதலில் செமினாருக்குக் கூப்பிடுவார்கள். மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டு துறையே உட்கார்ந்து கேட்கும். அப்புறம் ஒவ்வொருவரும் தனித்தனியே பேச்சுக் கொடுப்பார்கள், மாலையில் சாப்பிட அழைத்துப்போய் அவர் முள்கரண்டியை எப்படிப் பிடிக்கிறார் என்பதுவரை பார்ப்பார்கள். நேர்காணல் என்ற பெயரே அடிபடாது. ஆனால் அதுதான் நேர்காணல். ஆகவே போஸ்ட், செமினார், மேனேஜ்மென்ட் மூன்றும் ஒரே மூச்சில் வந்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மாலதிக்கு வந்தது. "அப்ளிகேஷன் போட்டீங்களா?"

"கதிர் பாத்துப்பான்."

"அவர் பாத்துப்பார்னா அவர் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

என் மனைவி ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறாள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே என்றேன்.

அதே சமயத்தில் ஹன்னா எனக்கு ஒரு நிரந்தர வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, புதுப்பிப்பார்களா என்று ஆண்டு முழுவதும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அது ஓய்வு பெறும்வரை கவலையில்லாத நாற்காலி. ஹன்னாவிடம் போய், எனக்கு வேண்டாம், ஊருக்கே திரும்புகிறேன் என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

"சரி" என்றார். நம் ஊரில் என்றால் நாலு தடவை கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து மாலதியிடம் கேட்டிருப்பார்கள். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த நாற்காலியில் இப்போது இனேஸ் என்ற போர்த்துக்கல் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், தினமும் காலை வணக்கம் சொல்கிறாள்.

மாலதி மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் விசாரித்தாள். எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது பதினைந்து வயது. செய்தியைச் சொன்னதும் டச்சு மொழியில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த ஊர் மொழியில் எனக்குக் கடைசிவரை பிடிபடாதது பதினைந்து வயதினர் கதவுக்குப் பின்னால் பேசும் பகுதி. இரண்டு வாரம் கழித்து வெளியே வந்து, "ஓகே" என்றாள். அதோடு சரி.

நான் ஒருபடி மேலே போய், ஊரைவிட்டுக் குடும்பத்தோடு போகிறோம் என்று பதிவு செய்ய நகராட்சியில் முன்கூட்டியே நேரம் வாங்கி வைத்தேன். இங்கே பிறப்பதற்குக்கூட நேரம் வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

4

தை பிறந்த வாரம். மாம்பலத்தில் அண்ணன் வீட்டிலிருந்து பாண்டி பஜாரில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாலதி காலரைச் சரிசெய்து, "ரொம்ப ஜோக் அடிக்காதீங்க" என்றாள்.

கல்லூரி வாசலிலேயே என் படம் போட்டு ஒரு பெரிய பேனர். ஆளைவிடப் பெரிய தலை. கீழே 'சர்வதேச வல்லுநர் சிறப்புரை' என்று தங்க நிறத்தில். வேலை கேட்டு வந்தவனுக்குப் பேனர் வைக்கிறார்களே, நம் ஊர் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று நினைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பூங்கொத்து, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து நான் பேச எழுந்தபோது எனக்கு மிச்சம் இருந்த நேரம் ஒரு காபி ஆறும் நேரம். பேசினேன். ஊருக்குத் திரும்பினால் என்ன செய்வேன் என்பதையே பேச்சின் பாதியாக வைத்திருந்தேன். அடையாறு முகத்துவாரத்து அலையாத்திச் செடிகளின் வேர், நம் கடற்கரை, நம் மாணவர்கள் என்று உருகினேன். முன்வரிசையில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் உறங்கினார். அதையும் சம்மதத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் கைகள் காடாக எழுந்தன.

"சார், அங்க பிஎச்டி சேர என்ன ஸ்கோர் வேணும் சார்?"

"சார், முடிச்சப்புறம் அங்கயே இருந்துக்கலாமா சார்?"

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரலாமா சார்?"

உள்ளே வருவதற்கு வழி கேட்டு வந்தவனைச் சுற்றி நின்றுகொண்டு அத்தனை பேரும் வெளியே போக வழி கேட்டார்கள். பொறுமையாகப் பதில் சொன்னேன். கதிர் மேடையில் உட்கார்ந்து பெருமையாகத் தலையாட்டினான்.

வெளியே தேநீர், வெங்காய பஜ்ஜி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். அதே துறையில் பல வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர், பெயர் சுகன்யா, கதிரிடம்தான் ஆய்வு செய்தாள் என்று அவளே சொன்னாள்.

"நல்லா பேசினீங்க சார். சார்... நாளைக்குக் கொஞ்சம் ஈஸியா கேளுங்க சார்."

"நாளைக்கு என்னம்மா?"

"இன்டர்வியூ சார். நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு கதிர் சார் சொன்னாரே."

"எந்த வேலைக்கு?"

"அந்த அசோசியேட் போஸ்ட்தான் சார். நான்தான் கேண்டிடேட். இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க, சும்மா பேருக்கு." பிறகு அவளாகவே பயந்துபோய், "அப்படிச் சொல்லக்கூடாதில்ல சார்?" என்றாள்.

பஜ்ஜி நன்றாக இருந்தது. அதை முழுதாகச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

5

கதிரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"எக்ஸ்பர்ட்டாடா நான்?"

"ஆமாடா, சொல்லலை? வெளிநாட்டு எக்ஸ்பர்ட் ஒருத்தர் கமிட்டில இருந்தா மேனேஜ்மென்ட்காரங்க வாயத் தொறக்க மாட்டாங்க. இல்லன்னா அவங்க ஆளைக் கொண்டாந்து நுழைச்சிடுவாங்க. அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கா தெரியுமா? உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று தோளில் கை போட்டான். உண்மையான பாசத்தோடுதான் போட்டான். அதுதான் தாங்கவில்லை. கையில் கத்தி இருந்தால் தட்டிவிடலாம். வெறும் கையை என்ன செய்வது?

'அந்த வேலைக்குத்தான்டா நான் வந்தேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். தோளில் பொன்னாடை, கையில் பூங்கொத்து. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் முடியாது.

மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருவை அடைத்திருந்தார்கள். ஆட்டோ ஊர்ந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கட்சில சேந்துட்டியா? சால்வைல்லாம் கீது."

"இல்லப்பா. ஒரு காலேஜ்ல பேசிட்டு வரேன்."

"பேசுனா சால்வை குடுக்குறாங்களா! நான் என் வூட்ல பேசிக்கினேதான் கீறேன். ஒரு கர்ச்சீப் குட்த்தது இல்ல."

சிரித்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. அண்ணன் வீட்டு மாடிப்படியில் மாலதி நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூங்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். என் பெயர்ப் பலகையை மேசையில் வைத்துவிட்டார்கள்; பெயர்ப் பலகைக்குப் பின்னால் காலியாக ஒரு நாற்காலியை விடுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. சுகன்யாவிடம் கேள்விகள் கேட்டேன். சுலபமாகக் கேட்கவில்லை. இருந்தும் அத்தனைக்கும் திணறாமல் பதில் சொன்னாள், ஒன்றில் என்னையே திருத்தினாள். அவள் சுமாராக இருந்திருந்தாலாவது எனக்குத் திட்ட ஒரு வழி இருந்திருக்கும். 'மிகப் பொருத்தமானவர்' என்று கையெழுத்துப் போட்டேன். நான் வருவதாக இருந்த வேலைக்கு நானே ஆள் எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு பொன்னாடையும் போட்டார்கள்.

திரும்பி வந்ததும் நகராட்சிக்குப் போன் செய்து, பதிவுக்கு வாங்கிய நேரத்தை ரத்து செய்யச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். பதற்றத்தில் என் டச்சு எப்போதும் இலக்கணம் இழந்து நிற்கும். நான் போகமாட்டேன், போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுமுனையில் இருந்த பெண் கனிவாக, "ஐயா, உங்களை யாரும் போகச் சொல்லவில்லை" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகராட்சி ஊழியர் ஒருவரின் பேச்சில் கண் கலங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போன கோடையில் பழைய ஒப்பந்தம் முடிந்தபோது ஹன்னா ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அது இந்தக் கோடையோடு முடிகிறது. கதிருக்கு நான் போன் செய்யவில்லை. அவன் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பினான், பதிலுக்கு வாழ்த்தினேன்.

6

செமினாருக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலை ரயிலடியில் கதிர் என்னைக் கட்டிப்பிடித்தான். கொஞ்சம் பெருத்திருந்தான், நானும்தான். இரண்டு தொப்பைகளும் முதலில் சந்தித்தன. பெட்டி நிறையச் சாம்பார்ப் பொடி, அப்பளம், காபிப் பொடி, மயிலாப்பூர்க் கடை முறுக்கு.

வீட்டில் மாலதி வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாத சாப்பாடு. ஆனால் ஒரு தடவைக்கு மேல் பரிமாறவில்லை. மாலதி விருந்தாளிக்கு இரண்டாம் முறை சாதம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கதிர் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானே கரண்டியை எடுத்துக்கொண்டான். அப்போதே அவனுக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

"அங்கிள், ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள் நிலா. அவளுடைய தமிழ், சொல்லுக்குச் சொல் நின்று நிதானித்து வரும்.

"கேளும்மா. பயாலஜியா?"

"அப்பாவுக்கு ஏன் வேலை குடுக்கலை?"

"நிலா!" என்றாள் மாலதி. அதட்டும் குரல்தான். ஆனால் நிறுத்தும் குரல் இல்லை.

கதிர் என்னைப் பார்த்தான். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"எந்த வேலைம்மா?"

"அந்த அசோசியேட் வேலை. அதுக்குத்தானே நாங்க வந்தோம்?"

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். அவன் முகத்தில் வந்தது நடிப்பில்லை. அவனை எனக்குத் தெரியும்.

"ரகு அதுக்கு வருவான்னு நான் நினைக்கவே இல்லம்மா. சத்தியமா. வெளிநாட்டுல இருக்கறவங்க எல்லாரும் வரேன்னுதான் சொல்வாங்க. ஏர்போர்ட்ல சொல்வாங்க, பொங்கலுக்குப் போன் பண்ணும்போது சொல்வாங்க. நாங்களும் வா வான்னுதான் சொல்வோம். வீட்டுக்கு வந்தவங்க கிளம்பும்போது இருந்து சாப்பிட்டுட்டுப் போலாமேன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி."

"அவங்க நிஜமா இருந்துட்டா?"

"யாரும் இருக்கமாட்டாங்கம்மா."

"அப்ப, நீங்க சொன்னது பொய்."

"பொய்யில்லடா கண்ணு. அது ஒரு... மரியாதை."

நிலா கொஞ்ச நேரம் யோசித்தாள். டச்சில் யோசித்து முடித்துத் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாங்க நிஜமா வர்றதா இருந்தோம் அங்கிள். நான் என் சைக்கிளை சோஃபிக்குக் குடுத்துட்டேன்."

போன வருடம் ரயில் நிலையத்தில் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்றுதான் அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் சைக்கிள் திருட்டுப் போவது நம் ஊரில் மின்சாரம் போவது மாதிரி. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆனால் இங்கே ஒரு குழந்தை தன் சைக்கிளை இன்னொருத்திக்குக் கொடுப்பது என்றால், இனி இந்தத் தெருக்களில் நான் இல்லை என்று முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். பள்ளி, தோழிகள், கடை, மழை எல்லாமே அதன் மேல்தான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மனமில்லாமல் ஒரு வருடமாகப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அவள் இரண்டு வாரம் என்ன செய்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாலதிக்கும்தான். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அவ்வளவுதானே?" என்று கதிர் மலர்ந்துவிட்டான். "சைக்கிள்தானே! அடுத்த தடவை வரும்போது அங்கிள் உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்."

"எப்ப வருவீங்க?" என்றாள் நிலா.

குத்தலாகக் கேட்கவில்லை. தேதி தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். கதிர் தண்ணீர் டம்ளரை எடுத்தான். பாத்திரக் கடையில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை.

கதிரை அவன் தங்கியிருந்த விடுதிவரை நடந்து போய் விட்டுவந்தேன். வாசலில் நின்று, "எம்மேல கோவமாடா?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா."

"நீ ஒரு வார்த்தை தெளிவா சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்."

"சொன்ன. ஆனா எப்பவும் சொல்ற மாதிரியே சொன்ன."

அது உண்மைதான். அதனால் அவன் செய்தது சரியாகிவிட்டது என்றும் எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வருடம் நான் வரேன் என்று சொன்னதை என் நெருங்கிய நண்பன் 'சாப்பிட்டாச்சா' என்ற விசாரிப்பைப்போலவே காதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். வேலை போனது ஒரு பக்கம். என்னை அவன் எந்தக் கணக்கில் வைத்திருந்தான் என்று தெரிந்தது இன்னொரு பக்கம். வீடு வரும்வரை எது பெரிது என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

7

வியாழக்கிழமை இந்த வருடத்தின் முதல் நல்ல வெயில். இந்த ஊரில் அது அரை நாள் விடுமுறைக்குச் சமம். யாரும் அறிவிக்காமலே அமலுக்கு வந்துவிடும். செமினார் அறையில் எல்லோரும் கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதிரை அறிமுகப்படுத்தினேன். படிப்பு, பதவி, ஆய்வு, 'என் நெடுநாள் நண்பர்' எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

நன்றாகப் பேசினான். எப்போதும் நன்றாகத்தான் பேசுவான். திரையில் காட்டிய படங்களில் பாதி சுகன்யாவின் வேலை. அவள் பெயரையும் ஒழுங்காகச் சொன்னான். முடித்து, நன்றி சொல்லி, சிரித்துக்கொண்டு நின்றான்.

"கேள்விகள்?" என்றேன். யாரும் கை தூக்கவில்லை. வெளியே புல்வெளியில் யாரோ பந்து உதைக்கும் சத்தம் கேட்டது.

சென்னையில் எங்கள் பேராசிரியரிடம் சனிக்கிழமை செமினார்களில் இப்படி ஒரு மௌனம் விழுந்தால் அவரே தொடங்கிவிடுவார். அவர் தொடங்கினால் பேசியவன் அழுதுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதனால் கதிரும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பேசுபவன் ஒரே ஒரு படத்தில் ஒரு இடத்தை மட்டும் விளக்காமல் தாண்டிவிடுவான். மௌனம் விழுந்ததும் மற்றவன் எழுந்து அதைக் கேட்பான். பேசியவன் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் பிரமாதமாகப் பதில் சொல்வான். பேராசிரியர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் கதிர் என்னை ஒரு சனிக்கிழமைகூடக் கைவிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வியாழக்கிழமையும் அவன் ஒரு பட்டை வரைபடத்தில் கடைசிப் பட்டையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாண்டியிருந்தான். உப்பு மண்ணில் மற்றதெல்லாம் குட்டையாக நிற்க, அது மட்டும் உயரமாக நின்றது. ஏன் என்று யாரும் கேட்கலாம். ஆனால் அது எனக்காக விட்டு வைத்த இடம். பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது.

ஹன்னா என்னைப் பார்த்தார். விருந்தாளியிடம் யாரும் கேட்காவிட்டால் அழைத்தவர் கேட்க வேண்டும் என்பது இங்கேயும் வழக்கம்தான். இனேஸ் திரும்பிப் பார்த்தாள். கதிரும் பார்த்தான். கொஞ்சமும் கவலையில்லாத முகம்.

நான் எழுந்து நின்றேன்.

"கேள்விகள் இல்லாததால் இத்துடன் முடித்துக்கொள்வோம்" என்றேன்.

கை தட்டினார்கள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெயிலுக்குப் போனார்கள். கதிர் மட்டும் அந்தப் படத்துக்குத் திரும்பிப் போகும் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.